சயாடிக்கா வலிக்குக் கை வைக்க வேண்டிய இடம்

கீழ் முதுகிலிருந்தோ புட்டத்திலிருந்தோ காலுக்கு இறங்கும் நரம்புவலியான சயாடிக்காவால் அவதிப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் செய்வது ஒரே காரியத்தைத்தான். காலில் எந்த இடத்தில் சுரீரென்று இழுக்கிறதோ அந்த இடத்தை இரண்டு கைகளாலும் பிடித்து அமுக்குகிறார்கள். தொடையின் பின்புறம், முழங்காலின் பின்குழி, கெண்டைச்சதை, கணுக்கால் என்று வலி இறங்குகிற பாதை முழுவதும் கையும் கூடவே இறங்குகிறது. இந்த வலியோடு நீண்ட காலம் பழகியவள் என்ற முறையிலும், எனக்குச் சிகிச்சை அளித்த இயன்முறை மருத்துவரிடம் பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவள் என்ற முறையிலும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: வலி தெரிகிற இடம் வேறு, கை வைக்க வேண்டிய இடம் வேறு. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால், வீட்டிலேயே செய்துகொள்ளும் எளிய மசாஜ் உண்மையாகவே உதவுகிறது. புரியாமல் செய்தால், ஏற்கெனவே புண்பட்டிருக்கும் நரம்பை நாமே மேலும் சீண்டிவிடுகிறோம்.

சயாடிக் நரம்பு நம் உடலிலேயே மிகத் தடிமனான நரம்பு. அதன் தொடக்கப் பகுதியில் அகலம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வரை இருக்கும். கீழ் முதுகின் கடைசி இரண்டு முள்ளெலும்புகளின் அருகிலிருந்தும், அவற்றுக்குக் கீழே உள்ள திருவெலும்பின் மேல் பகுதியிலிருந்தும் வெளிவருகிற ஐந்து நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்து இந்த நரம்பாகின்றன. அது புட்டத்தின் ஆழத்தில் இருக்கும் பிரிஃபார்மிஸ் என்ற தசையின் கீழ் விளிம்பை ஒட்டி வெளிவந்து, உட்காரும்போது நாற்காலியில் அழுந்துகிற எலும்புக்கும் இடுப்பின் பக்கவாட்டில் தட்டுப்படும் தொடையெலும்பின் முண்டுக்கும் நடுவே இறங்கி, தொடையின் பின்புறமாக ஓடி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டு கிளைகளாகப் பிரிந்து பாதம்வரை செல்கிறது. இவ்வளவு நீளமான பாதையில் எந்த இடத்தில் நெருக்கடி ஏற்பட்டாலும், வலி அந்த இடத்தோடு நின்றுவிடாமல் பாதையின் கீழ்ப்பகுதி முழுவதிலும் உணரப்படும். கெண்டைச்சதை கெட்டுப்போனதால் கெண்டைச்சதை வலிப்பதில்லை. மேலே எங்கோ நெருக்கப்பட்ட நரம்பு, வலி அங்கிருந்து வருவதாக மூளைக்குச் சொல்கிறது.

அந்த நெருக்கடி பெரும்பாலும் முதுகில்தான் இருக்கிறது. முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள, ஜவ்வு என்று பேச்சில் சொல்லப்படும் டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை உறுத்துவதே சயாடிக்காவின் முதன்மையான காரணம் என்பது, 1934-இல் பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றி எழுதிய பிறகே மருத்துவ உலகில் நிலைபெற்றது. பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்துவது மட்டும் அல்லாமல், அதிலிருந்து கசியும் பொருள்கள் நரம்பு வேரைச் சுற்றி அழற்சியையும் உண்டாக்குகின்றன. அதனால்தான் சிறிய பிதுக்கம்கூடச் சிலருக்குத் தாங்க முடியாத வலியைத் தருகிறது. எந்த மசாஜும், எவ்வளவு திறமையான கைகள் செய்தாலும், அந்த டிஸ்க்கை உள்ளே தள்ளாது. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் "ஜவ்வை உள்ளே தள்ளிவிடுகிறேன்" என்று சொல்லி முதுகை முறுக்குகிறவர்களிடம் வலி தாங்காமல் போய்ச் சேருகிறவர்கள் பலர். நல்ல செய்தி என்னவென்றால், பிதுங்கிய பகுதியை நாளடைவில் உடலே கரைத்துச் சுருக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் வலி கணிசமாகத் தணிந்துவிடுகிறது.

அப்படியானால் மசாஜ் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. நரம்பு புண்பட்டிருக்கும்போது கீழ் முதுகிலும் புட்டத்திலும் உள்ள தசைகள், அந்த இடத்தை அசையவிடாமல் காப்பதற்காகத் தாமாகவே இறுகிக்கொள்கின்றன. அந்த இறுக்கம் நாள்கணக்கில் நீடிக்கும்போது அதுவே தனி வலியாகிறது. நடை கோணுகிறது, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறோம், மறுபக்கத் தசைகளும் களைத்துப்போகின்றன. சிலருக்கு முதுகில் எந்தக் கோளாறும் இல்லாமல், பிரிஃபார்மிஸ் தசையின் இறுக்கமே நரம்பை உறுத்தும். இன்னும் சிலருக்குப் புட்டத்தின் பக்கவாட்டில் ஆழத்தில் இருக்கும் சிறிய தசையில் ஏற்படும் முடிச்சு, நரம்பைத் தொடாமலேயே, தொடையின் வெளிப்பக்கம் வழியாகக் கணுக்கால்வரை வலியை அனுப்பி, சயாடிக்காவைப் போலவே ஏமாற்றும். மசாஜ் வேலை செய்வது இந்தத் தசைகளில்தான். நம் வலியில் தசையின் பங்கு எவ்வளவோ அவ்வளவுக்கு அது குறையும். மீதி, நரம்புக்குரியது, காலத்தாலும் நடமாட்டத்தாலும் தேவைப்பட்டால் மருத்துவத்தாலும் குறைய வேண்டும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் மசாஜ் போன்ற கைவழிச் சிகிச்சைகளை உடற்பயிற்சியோடு சேர்ந்த ஒரு பகுதியாக மட்டுமே ஏற்கிறது, தனி மருந்தாக அல்ல.

செய்முறைக்குப் போவதற்கு முன்னால், மசாஜ் செய்யவே கூடாத நிலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றியுள்ள இடம், அதாவது சேணத்தில் உட்கார்ந்தால் படும் பகுதி, மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, சிறுநீரோ மலமோ நம் கட்டுப்பாடு இல்லாமல் வெளியேறினாலோ, இரண்டு கால்களிலும் ஒரே நேரத்தில் வலியும் பலவீனமும் வந்தாலோ, அது அவசர நிலை. தண்டுவடத்தின் அடியில் கற்றையாக இருக்கும் நரம்புகள் நசுங்குவதன் அறிகுறி அது. மணிக்கணக்கில் தாமதித்தாலும் நிரந்தரப் பாதிப்பு நேரலாம் என்பதால், இரவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்பாதத்தைத் தூக்க முடியாமல் நடக்கும்போது தரையில் இடறுவது, காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணம் தெரியாத எடைக்குறைவு, கீழே விழுந்த பிறகு தொடங்கிய வலி, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு ஆகியவற்றில் எதுவானாலும் மருத்துவர் பார்த்த பிறகே மற்றவை. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், எலும்புத் தேய்மானம் முற்றியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஆகியோரும் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். ஒரு கெண்டைச்சதை மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து இருந்தால் அதைத் தொடவே கூடாது. அது நரம்புவலியாக இல்லாமல் ஆழ்சிரையில் உறைந்த இரத்தக் கட்டியாக இருக்கலாம், அமுக்கினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் செல்லும் ஆபத்து உண்டு.

இனி இடத்தைக் கண்டுபிடிப்போம். நேராக நின்றுகொண்டு, வலி உள்ள பக்கத்து உள்ளங்கையை இடுப்பின் பக்கவாட்டில், கை இயல்பாகத் தொங்கினால் மணிக்கட்டு படுகிற உயரத்தில் வையுங்கள். உடல் எடையை மறுகாலுக்கு மாற்றி, வலி உள்ள காலைக் குதிகாலில் ஊன்றியபடி உள்ளேயும் வெளியேயும் மெல்லத் திருப்பினால், உள்ளங்கைக்கு அடியில் ஒரு கெட்டியான எலும்பு உருளுவது தெரியும். அதுதான் தொடையெலும்பின் முண்டு. அதன் பின் விளிம்பிலிருந்து, புட்டத்தின் நடுப்பிளவுக்கு மேலே தட்டையாகத் தட்டுப்படும் திருவெலும்பை நோக்கி இரண்டு மூன்று விரற்கடை நகர்ந்து, கட்டைவிரலைச் சதைக்குள் மெதுவாக அழுத்திவைத்துக்கொண்டு, முன்பாதத்தை லேசாக வெளிப்பக்கம் திருப்ப முயலுங்கள். விரலுக்கு அடியில் முறுக்கிய கயிறு போல ஏதோ ஒன்று திரண்டு எழுவது தெரிந்தால், பிரிஃபார்மிஸும் அதன் அண்டைத் தசைகளும் இருக்கும் பகுதிக்கு வந்துவிட்டோம் என்று பொருள். இந்த வெளிப்பாதியில்தான் நாம் வேலை செய்யப் போகிறோம். திருவெலும்பை நோக்கி இன்னும் உள்ளே போகப் போக நரம்பு வெளிவரும் இடத்தை நெருங்குகிறோம். கீழே, உட்காரும் எலும்பை நோக்கி இறங்கினாலும் அப்படியே. புட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் கோடு போட்டு நான்காகப் பிரித்தால், வெளிப்பக்க மேல் கால்பகுதியே பாதுகாப்பானது. புட்டத்தில் ஊசி போடும்போதும் இந்தக் கால்பகுதியைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், சயாடிக் நரம்பு அதன் வழியாகப் போகவில்லை என்பதே.

கருவி என்று பெரிதாக எதுவும் தேவையில்லை. ஒரு டென்னிஸ் பந்து போதும். அதைவிடக் கடினமான பந்துகளைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது. தரையில் பந்தை வைத்து அதன்மேல் உட்காரச் சொல்லும் காணொளிகள் ஏராளம் இருக்கின்றன, ஆனால் வலி புதிதாக இருக்கும் நாள்களில் அந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். உடலின் பாதி எடை ஒரே புள்ளியில் இறங்கும்போது அழுத்தத்தைக் குறைக்க வழியே இருக்காது, வலித்ததும் சட்டென்று எழுந்திருக்கவும் முடியாது. சுவரே சிறந்த இடம். சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, வலி உள்ள பக்கத்தைச் சற்றே சுவரை நோக்கித் திருப்பி, மேலே சொன்ன இடத்துக்கும் சுவருக்கும் நடுவே பந்தை வைத்துச் சாயுங்கள். பாதங்கள் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி இருக்கட்டும், முழங்கால்கள் லேசாக மடங்கி இருக்கட்டும். பாதத்தை முன்னே நகர்த்தினால் அழுத்தம் கூடும், பின்னே இழுத்தால் குறையும். அழுத்தம் முழுவதும் நம் கட்டுப்பாட்டில் இருக்கும்.

எவ்வளவு அழுத்துவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். வலியைப் பத்துக்கு அளந்தால் நான்கு, மிஞ்சினால் ஐந்து; "வலிக்கிறது, ஆனால் இதமாகவும் இருக்கிறது" என்று சொல்லத் தோன்றும் அளவு. மூச்சு தானாக நின்றாலோ, பற்கள் இறுகினாலோ, தோள்கள் மேலே ஏறினாலோ அழுத்தம் அதிகம் என்று பொருள், உடனே பாதத்தைப் பின்னே இழுத்துவிடுங்கள். பந்தை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. நோவு மிகுந்த ஒரு புள்ளி கிடைத்ததும் அங்கேயே நின்று, மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் எடுத்து வெளியே விடுங்கள். 30 வினாடிக்குள்ளேயோ ஒரு நிமிடத்துக்குள்ளேயோ அந்தப் புள்ளியின் கூர்மை மழுங்கும். பந்து சிறிது உள்ளே அமிழ்ந்தது போன்ற உணர்வு வரும். மழுங்கவில்லை என்றால் வற்புறுத்தாமல் விரற்கடை தூரம் தள்ளி வேறு புள்ளிக்குப் போங்கள். ஒரு பக்கத்துக்கு மொத்தம் ஐந்து நிமிடம் தாராளம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை போதும். இன்றைக்கு நன்றாக இருந்தது என்பதற்காக அரைமணி நேரம் தொடர்ந்தால், மறுநாள் தசை கன்றிப்போய், நரம்புவலி எது, அமுக்கிய வலி எது என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

ஒரே ஒரு விதியை மீறவே கூடாது. பந்து அழுத்தும் இடத்தில் மந்தமான நோவு இருக்கலாம். ஆனால் அழுத்தும்போது காலில் மின்சாரம் இறங்கினாலோ, பாதத்தில் ஊசி குத்தினாலோ, மரமரப்பு வந்தாலோ, பந்து நரம்பின்மேல் இருக்கிறது. அந்த இடத்தில் "பிடித்துக்கொண்டால் போய்விடும்" என்று தாங்கிக்கொண்டு நிற்பது தவறு. உடனே விலகி, மேலேயும் வெளிப்பக்கமாகவும் நகருங்கள். எங்கு நகர்ந்தாலும் மின்னல் இறங்கினால் அன்றைக்கு மசாஜ் வேண்டாம்.

பக்கவாட்டுத் தசைகளுக்கும் இதே முறைதான். இடுப்பில் கை ஊன்றும்போது படுகிற எலும்பு விளிம்புக்கும் முன்பு கண்டுபிடித்த தொடையெலும்பு முண்டுக்கும் நடுவே உள்ள சதையில் பந்து படுமாறு, சுவரில் பக்கவாட்டாகச் சாய வேண்டும். நீண்ட நாள் நொண்டி நடந்தவர்களுக்கு இந்த இடம் தொட்டாலே நோகும். இங்கே பெரிய நரம்பு இல்லை என்பதால் சற்றுத் துணிந்து அழுத்தலாம், எலும்பு முண்டின் மேலேயே பந்தை வைக்காமல் இருந்தால் போதும். என் சொந்த அனுபவத்தில், தொடையின் வெளிப்புறம் வழியாக இறங்கும் வலிக்குப் புட்டத்தைவிட இந்த இடமே அதிகம் பலன் தந்தது.

கீழ் முதுகுக்குப் பந்தைவிடக் கையே மேல். நாற்காலியின் முன்விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, கட்டைவிரல்கள் முதுகுப் பக்கம் வருமாறு வைத்துக்கொண்டால், அவை கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு விளிம்புக்கும் இடைப்பட்ட மெத்தென்ற இடத்தில் படும். முதுகெலும்பின் நடுக்கோட்டிலிருந்து மூன்று விரற்கடையாவது விலகியிருந்து, கட்டைவிரல்களால் எலும்பை நோக்கி அல்லாமல் இடுப்பு விளிம்பை நோக்கிக் கீழ்நோக்கி மெதுவாக நீவிவிடுங்கள். முள்ளெலும்புகளின் மீது நேரடியாக அழுத்துவதும், விலா எலும்புக்கு அடியில் ஆழமாகக் குத்துவதும் வேண்டாம். அங்கே உள்ளே சிறுநீரகங்கள் இருக்கின்றன. அதிர்வு தரும் மசாஜ் துப்பாக்கிகளையும் முதுகெலும்பின் மேலும் நரம்பு ஓடும் பாதையிலும் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

காலைப் பொறுத்தவரை, நான் தொடக்கத்தில் சொன்னதுதான்: அமுக்க வேண்டாம், வருடுங்கள். கைகளில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு, தொடையின் பின்புறத்தை முழங்காலிலிருந்து மேல்நோக்கி உள்ளங்கையால் மெல்ல நீவினால், அந்த இதமான தொடுதலே வலி உணர்வைச் சற்று அடக்கும். எண்ணெய் எதுவானாலும் சரி, அது கை வழுக்கிச் செல்வதற்காகத்தான். ஆழத்தில் இருக்கும் நரம்புக்கு அது மருந்தாவதில்லை. முழங்காலின் பின்குழியையும், முழங்காலின் வெளிப்பக்கத்துக்குச் சற்றுக் கீழே தட்டுப்படும் சிறிய எலும்பின் கழுத்தையும் அழுத்தவே கூடாது. முதல் இடத்தில் இரத்தக் குழாய்களும் நரம்பும் மேலாகவே செல்கின்றன. இரண்டாவது இடத்தில் சயாடிக் நரம்பின் ஒரு கிளை தோலுக்கு மிக அருகே எலும்பைச் சுற்றி வளைகிறது, அங்கே நீண்ட நேரம் அழுத்தினால் பாதத்தைத் தூக்கும் தசைகள் பலவீனமாகலாம். தொடையின் பின்தசை இழுத்துப் பிடிக்கிறதே என்று குனிந்து கால்விரலைத் தொட முயல்கிறவர்களும் உண்டு. அப்போது இழுபடுவது தசை மட்டும் அல்ல, புண்பட்ட நரம்பும்தான்.

மசாஜ் முடிந்ததும் அது உதவியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வலியின் கடுமையைவிட, வலி எதுவரை இறங்குகிறது என்பதைக் கவனியுங்கள். பாதம்வரை இருந்த வலி முழங்காலோடு நின்று, பிறகு தொடையோடு நின்று, கடைசியில் புட்டத்திலும் இடுப்பிலும் மட்டும் தங்கினால், இடுப்பில் வலி முன்பைவிடச் சற்றுக் கூடியிருந்தாலும், அது நல்ல அறிகுறி. மாறாக, இடுப்பு லேசாகி, இதுவரை இல்லாத கணுக்காலிலும் பாதத்திலும் வலி புதிதாகத் தோன்றினால், செய்தது ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிட வேண்டும். இந்த ஒரு அளவுகோல் மசாஜுக்கு மட்டுமன்றி, உட்காரும் முறை, படுக்கும் முறை, பயிற்சி எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதால் எனக்கு இது மிகவும் பயன்பட்டது.

மசாஜுக்கு முன்னால் புட்டத்திலும் கீழ் முதுகிலும் 15 நிமிடம் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டால் தசை எளிதில் தளரும். தோலுக்கும் பைக்கும் நடுவே துணி இருக்கட்டும். முடித்தவுடன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிடாமல், வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடப்பது அவசியம், ஏனென்றால் தளர்ந்த தசை இயல்பான நடைக்குத் திரும்புவது அப்போதுதான். நாள் முழுவதும் படுத்தே கிடப்பது இந்த வலிக்கு நல்லதல்ல என்பது இன்றைய மருத்துவத்தின் தெளிவான நிலைப்பாடு. தூங்கும்போது ஒருக்களித்துப் படுப்பவர்கள் முழங்கால்களுக்கு நடுவேயும், மல்லாந்து படுப்பவர்கள் முழங்கால்களுக்கு அடியிலும் ஒரு தலையணை வைத்துக்கொண்டால், பகலில் தளர்த்திய தசை இரவில் மீண்டும் இறுகுவது குறையும். பின்பாக்கெட்டில் பணப்பை வைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள் அதை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். நாம் பந்தை வைத்து ஐந்து நிமிடம் கவனமாகத் தளர்த்துகிற அதே புட்டத்தை அது மணிக்கணக்கில் அழுத்திக்கொண்டிருக்கிறது.

வலி குறைந்த பிறகும் பாதத்தில் மரமரப்பு சில வாரங்கள் தங்கலாம். அதை மசாஜால் விரட்ட முயல வேண்டாம். நரம்பு மெதுவாகத்தான் தேறும், அதற்குத் தேவை நேரம். ஆனால் பலம் வேறு விஷயம், அதைத் தொடர்ந்து சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுவரோரமாகப் பிடிமானத்துக்குக் கை வைத்துக்கொண்டு, குதிகால்களை மட்டும் ஊன்றிச் சில அடிகள் நடங்கள். பிறகு முன்பாதங்களை மட்டும் ஊன்றிச் சில அடிகள். அடுத்து, உட்கார்ந்தபடி இரண்டு கால்களின் பெருவிரல்களையும் மேலே தூக்கி, விரலால் கீழே அழுத்தி, இரண்டும் ஒரே அளவு எதிர்க்கின்றனவா என்று பாருங்கள். வலி எவ்வளவு குறைந்திருந்தாலும், வலி உள்ள பக்கத்துக் குதிகால் நிற்க மறுத்தாலோ, பெருவிரல் எளிதில் மடங்கினாலோ, பந்தை எடுத்து வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.